காந்த அறைக்குள் ஒரு கைப்பிடி சோயா

கைப்பேசி, ஏடிஎம் கார்டு, கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் போயாயிற்று. தலையில் ஹேர்பின் குத்தியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். “பேனா ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?” என்று கடைசியாக ஒரு கேள்வி. பிளாஸ்டிக் என்று எடுத்துக் காட்டியதும் கதவு திறந்தது. ஆஹா, உள்ளே வந்துவிட்டோம்! வாங்க, பின்னாலேயே வாங்க. ஒரே ஒரு நிபந்தனை: எதையும் தொட்டுவிடாதீர்கள்.

ஊர் இந்தூர். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பீடபூமி. சுற்றிலும் கரிசல் மண். ஜூன் கடைசியில் மழை இறங்கிவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரை சோயாதான். சோயாவுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் இங்கேதான். விதைப்பதற்கு முன்னால் சோயா விதையைக் காந்தத்தின் நடுவே சிறிது நேரம் வைத்தெடுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர் ஆய்வாளர்கள் பல வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். விதைக்குள் ஆக்சிஜன் செய்யும் அட்டகாசம் கூடுகிறதா, குறைகிறதா? அதை அடக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றனவா? அதைப் பார்க்கிற ஓர் ஆய்வகத்துக்குள்தான் நாம் புகுந்திருக்கிறோம்.

காந்தம் என்றதும் நீல மின்னல், சினிமா விஞ்ஞானி என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். மேசைமேல் செம்புக் கம்பி சுற்றிய தடித்த உருளைகள் இரண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. நடுவே விரல்கள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. கம்பிச் சுருள் சூடாகாமல் இருக்க ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. குழாய் மாட்டிய இடத்தில் ஒரு சொட்டு, ஒரு சொட்டு என்று கசிவு. அதற்குக் கீழே ஒரு நீல நிற வாளி! லட்சங்களை விழுங்கிய கருவியும் குளியலறை வாளியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. குப்பிக்குள் ஒரு கைப்பிடி சோயா விதை. அவ்வளவுதான் இன்றைய கதாநாயகி.

ஆய்வு மாணவி சுவிட்சைத் தட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றுமே நடக்கவில்லை! “ம்ம்ம்” என்று மின்பெட்டி மெல்ல முனகியது, அவ்வளவே. விதை துள்ளவில்லை, திரும்பவில்லை, நகரக்கூட இல்லை. ஆனால் இடைவெளிக்குள் நுழைத்த சிறு காந்த அளவி 200 மில்லிடெஸ்லா என்று காட்டுகிறது. இந்தூரில் பூமி தரும் காந்தப்புலத்தைவிட இது 4,000 மடங்குக்கும் மேல். இப்படியே ஒரு மணி நேரம். மாணவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மின்சாரம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் குமிழைத் திருகிச் சரிசெய்ய வேண்டுமாம். ஒரு கண் எண்ணின் மேல், இன்னொரு கண் வாளியின் மேல்.

இதைவிட வேடிக்கை அடுத்த காட்சி. முதல் குப்பியை எடுத்துவிட்டு இரண்டாவது குப்பியை அதே இடத்தில் வைத்தார்கள். மின்சாரம் போடவில்லை. அதற்கும் ஒரு மணி நேரம்! இந்தமுறை ஸ்டூலில் உட்கார்ந்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்.

“சும்மா கிடக்கிற காந்தத்துக்கு நான் காவல் சார்,” என்றான் சிரித்துக்கொண்டே.

“சும்மான்னு சொல்லாதே, அதுதான் முக்கியம்,” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் இங்கே எல்லோருக்கும் ‘தீதி’, அதாவது அக்கா. மூத்த ஆராய்ச்சி மாணவி. பேராசிரியருக்குப் பயப்படாதவர்கள்கூட தீதிக்குப் பயப்படுகிறார்கள்.

தீதி சொல்வது நியாயம்தான். குப்பிக்குள் இருந்த காற்று, அறையின் சூடு, கைபட்டது, காத்திருந்தது எல்லாமே விதையைத் தொட்டிருக்கலாம். அவற்றையெல்லாம் கழித்துவிட்டு, காந்தம் மட்டும் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் பொய்க் காவல் அவசியம். அதோடு விட்டார்களா? குப்பிகளில் யாரோ ஒருவர் வெறும் எண்களை எழுதி ஒட்டிவிடுகிறார். முளையை எண்ணப் போகிறவருக்கு எது காந்தம் பட்ட விதை, எது படாதது என்று தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று அவர்களுக்குத் தங்கள் மனசின் மேலேயே சந்தேகம்!

அடுத்த அறை. இருட்டுப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக ஈரத்தாள், அதன்மேல் வரிசையாக விதைகள். இரண்டு பேர் பிளாஸ்டிக் இடுக்கியோடு குனிந்து உட்கார்ந்து எண்ணுகிறார்கள். முளைவேர் இரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால்தான் “முளைத்தது” என்று கணக்கு. ஒரு விதை ஒன்றரையில் நிற்கிறது. சேர்ப்பதா, விடுவதா? அடிக்குச்சி வந்தது, பூதக்கண்ணாடி வந்தது, சின்னதாக ஒரு சண்டையும் வந்தது. தீதி வந்து பார்த்துவிட்டு, “நாளைக்கு எண்ணு” என்று தீர்ப்புச் சொன்னார். மூலையில் ஒரு தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைப் பார்த்த முகங்களில் இழவு வீட்டுக் களை.

இப்படி எண்ணி எண்ணித்தான் 2011இல் இந்தூரிலிருந்து ஒரு முடிவு வெளியானது. சோயா விதைக்கு 150 அல்லது 200 மில்லிடெஸ்லா, ஒரு மணி நேரம் பிடித்துப்போகிறது; முளைப்பும் நாற்றின் வளர்ச்சியும் கூடுகின்றன. அதற்கு முன்பே டெல்லி பூசா வளாகத்தில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், 2008இல் கொண்டைக்கடலையையும் 2010இல் சூரியகாந்தியையும் காந்தத்தில் வைத்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு பயிருக்கும் ஓர் அளவு. அதிகம் வைத்தால் அதிகம் வளரும் என்ற கணக்கே இங்கே செல்லாது.

சரி, ஏன் வளர்கிறது? இந்தக் கேள்வியோடுதான் நாம் குளிர் அறைக்குள் போகிறோம். ஸ்வெட்டர் இல்லையா? பரவாயில்லை, இரண்டு நிமிடம்தான்.

உள்ளே போவதற்குள் கொஞ்சம் கதை. தூங்கும் விதை தண்ணீரைக் குடித்ததும் மூச்சுவிட ஆரம்பிக்கிறது. மூச்சுவிட்டால் ஆக்சிஜனில் ஒரு பங்கு தறிகெட்டுப்போகிறது. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று பெயர்கள். இவை கொஞ்சம் இருந்தால் நல்லது: “எழுந்திரு, முளை” என்று விதைக்குள் செய்தி சொல்பவை இவைதான். மிஞ்சிப்போனால் சவ்வைக் கிழிக்கும், புரதத்தைக் கெடுக்கும். அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். அதை அடக்க விதையிடம் நொதிப் படை ஒன்று இருக்கிறது: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், பெராக்சிடேஸ், குளூட்டாதயோன் ரிடக்டேஸ். பெயரைக் கேட்டு ஓடாதீர்கள். ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. “எஸ்ஓடி ஆச்சா? கேட் ஓடுதா?” என்றுதான் பேச்சு. இந்த எஸ்ஓடி என்ன வேலை செய்கிறது என்பதே 1969இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டு சொன்னார்கள்.

இப்போது பாருங்கள், இந்த நாடகத்தின் சண்டைக் காட்சி! நாற்றிலிருந்து அரை கிராம் எடுத்து எடைபோட்டாயிற்று. பீங்கான் கல்வத்தில் அதைப் போட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றினார்கள். குபீரென்று வெள்ளைப் புகை மேசையிலிருந்து வழிந்து தரையில் பரவுகிறது. பார்க்கிற நமக்குக் கொண்டாட்டம், அரைக்கிறவருக்கு ஓட்டம். இலை கண்ணாடிச் சில்லாக நொறுங்கிவிட்டது. இனி அது இளகுவதற்குள் பொடியாக வேண்டும். “கடகடகட” என்று குழவி ஓடுகிறது. இளகினால் நொதிகள் கெட்டுவிடும், அப்புறம் அளப்பதற்கு ஒன்றுமில்லை. குளிர் தாங்காமல் விரல் நுனி சிவக்க, நெற்றியிலோ வியர்வை. ஒரே ஆளிடம் இரண்டு பருவமும்!

பொடியில் குளிர்ந்த கரைசலை ஊற்றி, சின்னக் குழாய்களில் நிரப்பி, ஐஸ் நிறைத்த தெர்மகோல் பெட்டியில் குத்திவைத்துக்கொண்டு மாணவி ஓடுகிறார். எங்கே? நடைபாதையின் கடைசியில் சுழல் எந்திரம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் வேறு ஓர் ஆள் தன் குழாய்களை வைத்துவிட்டார். சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய முன்பதிவுத் தாளில் மூன்று மணி என்று இவர் பெயர்தான் இருக்கிறது. “பத்தே நிமிஷம்” என்று அந்த ஆள் கெஞ்சும் குரலில் கேட்கிறார், மூடியைத் திறப்பதாக இல்லை. மே மாத இந்தூர். வெளியே நாற்பது டிகிரிக்கு மேல். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பத்து நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை.

குழாய்களின் மேல் மார்க்கரில் எழுதிய எண்கள் ஈரம் பட்டு அழிந்துவிடுமே? அதற்கும் ஏற்பாடு உண்டு. மூடியில் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து ஒருமுறை. எல்லோர் உள்ளங்கையிலும் ஊதா மை.

மேசைகளைப் பாருங்களேன்! ஒரு பக்கம் பிப்பெட் முனைகள் அடுக்கிய பெட்டிகள், நடுவே கசங்கிய டிஷ்யூ மலை, அலுமினியத் தாளில் சுற்றிய பாட்டில்கள். ஒரு பாட்டிலின் மேல் “இது என்னுடையது. தொட்டால் தீதியிடம் சொல்வேன்” என்று இந்தியில் ஒரு சீட்டு. தாளில் சுற்றியிருப்பது வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் சமாச்சாரமாம். மிரட்டலும் பாதுகாப்பும் ஒரே பாட்டிலில்.

இனி வண்ணக் காட்சிகள். முதலில் எஸ்ஓடி. கலவை நிரப்பிய சோதனைக் குழாய்களை டியூப்லைட் பொருத்திய பெட்டிக்குள் நிறுத்துகிறார்கள். வெளிச்சம் பட்டதும் கலவைக்குள் சூப்பராக்சைடு உருவாகி, மஞ்சள் மெல்ல நீலமாகிறது. நொதி இருக்கும் குழாயில் சூப்பராக்சைடு பிடிபட்டுவிடுவதால் நீலம் ஏறுவதில்லை. ஆக, நிறம் வராவிட்டால்தான் வெற்றி! வெளுத்துப் போய் நிற்கும் ஒரு குழாயைப் பார்த்து மூன்று பேர் கைதட்டுகிறார்கள். விவரம் தெரியாமல் அந்தப் பக்கம் போகிறவர் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைப்பார்.

அடுத்தது கேட்டலேஸ். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது இதன் வேலை. ஒரு மூலக்கூறு ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும் அசுர வேகம். வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், புஸ்ஸென்று நுரைக்கும். அதுவும் இதே நொதிதான். இங்கே அதைப் புற ஊதா ஒளியில் அளக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் குவார்ட்ஸ் பேழை. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொருளின் விலையைச் சொன்னதும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அதைக் கழுவும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, முக்கியமாக யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. திரையில் எண்கள் சரசரவென்று இறங்க, மாணவி முணுமுணுக்கிறார்: “ஓடு, ஓடு, ஓடு...”

பெராக்சிடேஸ் ஓர் அழகி. குவையக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் தெளிந்த நீர் கண்ணெதிரே செம்மஞ்சளாகிறது. எல்லோரும் கைப்பேசியைத் தேடினார்கள், கூடையில் கிடக்கிறதே! அதற்குப் பக்கத்திலேயே கொதிநீர்த் தொட்டி. சவ்வு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை அங்கே வேகிறது. ஆவி வெளியேறாமல் இருக்க ஒவ்வொரு சோதனைக் குழாயின் வாயிலும் ஒரு கோலிக்குண்டு! கடையில் டஜன் கணக்கில் வாங்கியதாம். நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. இளஞ்சிவப்பு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு சேதம். காந்தம் பட்ட செடியின் குழாய் வெளிர் நிறத்தில் நின்றால் இங்கே சந்தோஷம்.

மதியச் சாப்பாடு படிக்கட்டில்தான்; ஆய்வக மேசையில் உணவு கூடாது என்பது சட்டம். இந்தூர் போஹா, மேலே சேவ் தூவி, ஜீராவன் பொடி போட்டு, பக்கத்தில் ஜிலேபி. இங்கேதான் உண்மையான விவாதம் நடக்கிறது. விதைக்குக் காந்தம் எப்படித் தெரியும்?

தீதி ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: “தெருமுனையில் பட்டாசு வெடிக்கிற சத்தம் கேட்டா காவல்காரர் எழுந்து தடியைத் தேடி எடுத்து வச்சுக்குவாரில்ல? திருடன் வரும்போது அவர் தயார். காந்தம் அந்தப் பட்டாசு.”

ஆய்வு முடிவுகளும் அந்தத் திசையில்தான் பேசுகின்றன. காந்தம் பட்ட சோயா விதை முளைக்கும்போது தறிகெட்ட ஆக்சிஜன் கூடுகிறது, கூடவே பெராக்சிடேஸும் கூடுகிறது என்று 2012இல் இங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. அப்படி முளைத்த செடி வளர்ந்து இலை விட்ட பிறகு பார்த்தால், அந்த இலைகளில் சூப்பராக்சைடு குறைவு! சின்ன வயதில் சலசலப்பு, வளர்ந்ததும் நிதானம். அதே 2012இல் டெல்லியில் வெள்ளரி விதைக்கு 200 மில்லிடெஸ்லா ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தபோது கேட்டலேஸ் 80 சதவீதத்துக்கும் மேல் எகிறியது. எஸ்ஓடியோ 10 சதவீதம்கூட ஏறவில்லை. படையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவதில்லை.

“அது சரி, முதல் பொறி எங்கே விழுது?” என்று கேட்டான் காவல்காரப் பையன். படிக்கட்டில் மௌனம். ஜோடியாகப் பிறந்து தனித்து நிற்கும் எலக்ட்ரான்கள் காந்தத்துக்குத் தலையாட்டுகின்றன என்று ஒரு கட்சி. நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தைச் சந்தேகிப்பது அதே கட்சியின் கிளை. 2007இல் அரபிடாப்சிஸ் செடியில் இதற்கு ஆதாரம் கிடைத்ததாக ஒரு கட்டுரை வெளியானது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று அதையே திரும்பச் செய்து பார்த்தது. விளைவு எதுவும் தெரியவில்லை. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்திலோ எதிர்த்திசையில் போனார்கள். மூன்று திசைகளிலும் கம்பிச் சுருள் கட்டி, பூமியின் காந்தப்புலத்தையே ஏறக்குறைய இல்லாமல் செய்து, அதற்குள் செடி வளர்க்கிறார்கள். நாம் காந்தத்தைக் கூட்டிப் பார்க்கிறோம், அவர்கள் கழித்துப் பார்க்கிறார்கள்.

உலகம் முழுக்க ஒரே முடிவு வருவதும் இல்லை. பயிர் மாறினால், நேரம் மாறினால், நிலையான காந்தத்துக்குப் பதில் அலைகிற காந்தம் வைத்தால், நொதிகள் ஓரிடத்தில் கூடுகின்றன, இன்னோரிடத்தில் குறைகின்றன. படிக்கட்டில் இதை யாரும் மறைக்கவில்லை. சொல்லப்போனால், இதைச் சொல்லும்போதுதான் அவர்கள் கண்ணில் வெளிச்சம்.

கிளம்புவதற்கு முன் மாடித் தோட்டத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம். வரிசையாகப் பூந்தொட்டிகள். சிலவற்றுக்கு உப்புத் தண்ணீர். வேண்டுமென்றே செடியைத் துன்புறுத்துகிறார்கள். காந்தம் பட்ட மக்காச்சோளமும் சோயாவும் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கி முளைத்து எழுகின்றன என்று 2017இல் இந்தூரிலிருந்து முடிவு வெளியாகியிருக்கிறது. தொட்டிகளிலும் வெறும் எண்கள்தான். எது காந்தச் செடி என்று நான் மூன்று முறை ஊகித்தேன். மாணவி மூன்று முறையும் சிரித்தார். விடையை மட்டும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதே!

என் கட்சி இதுதான்: காந்தத்துக்கு விதையை எழுப்பும் சக்தி இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு. ஆனால் சரியான பயிர், சரியான அளவு, சரியான நேரம் என்ற மூன்றும் கூடினால்தான் அது பலிக்கிறது. ஆய்வகத்துக் குப்பியில் பலித்தது வயலிலும் அப்படியே பலித்துவிடும் என்று அங்கே யாரும் சத்தியம் செய்யவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஓடிய காந்தமல்ல; ஓடாத காந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் காவலிருந்த அந்தப் பையன்தான். அவன் இல்லாவிட்டால் மற்ற அத்தனை எண்களுக்கும் மதிப்பில்லை.

எனவே, “காந்தம் ஏற்றிய விதை”, “காந்தத் தண்ணீர்க் கருவி” என்று யாராவது உங்கள் வயலுக்கு விற்க வந்தால் மிரளவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காந்தம் வைக்காததையும் இதே மண்ணில், இதே நாளில் போட்டுப் பார்த்தீங்களா?” கணக்கோடு பதில் சொன்னால் உட்காரவைத்துப் பேசுங்கள். மழுப்பினால் காசை எடுக்காதீர்கள்.